கோடைப் பந்தயத்துக்கு ஏற்ற உடை

டென்னிஸ் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கே உரிய விளையாட்டு என்னும் எண்ணம் நம்மிடையே இன்னும் முற்றும் அகலவில்லை. ஆயினும் நம் அங்கத்தினர் வீட்டுப் பிள்ளை ஒருவன் கோடை விடுமுறைப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்து, "எதை உடுத்திக்கொண்டு போவது?" என்று கேட்பானாகில், அதற்குத் தக்க விடை கூற வேண்டியவர்கள் நாமே. பருத்தியை விளைப்பவரும் நூலை நெய்பவரும் துணியைப் பற்றிக் கூறாவிடில், வேறு யார் கூறுவர்? விடை பிழைத்தால் கெடுவது ஆட்டம் மட்டுமன்று. வளரும் பிள்ளையின் உடல்நலமும் கெடும். ஆதலின் இவ்விஷயத்தைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

உலகின் கோடைப் பந்தயங்களுள் புகழ் மிக்கது இங்கிலாந்து தேசத்து விம்பிள்டன் பந்தயமாகும். 1877ஆம் ஆண்டில் தொடங்கிய அப்பந்தயத்தில் இன்றும் வெள்ளையுடையே விதி. வியர்வைக் கறை வெளியே தெரிவது நாகரிகக் குறைவு என்று அக்காலத்தார் கருதினர். வெள்ளைத் துணியில் அது எடுப்பாகத் தெரியாது என்பதே இவ்வழக்கத்துக்குக் காரணம். வெண்மை வெயிலைத் திருப்பியனுப்பும் என்பது உடன் கிடைத்த நன்மை.

உடையின் சரித்திரத்தை நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். 1887இல் லாட்டி டாட் என்னும் பதினைந்து வயதுப் பெண் அங்கே பெண்கள் பட்டத்தை வென்றாள். பெரிய மாதர் தரை தோயும் பாவாடையோடு திண்டாட, பள்ளிச் சிறுமியாகிய அவள் அணிந்த குட்டைப் பாவாடை ஓடுவதற்கு இடம் கொடுத்தது. 1919இல் பிரெஞ்சு நாட்டு சூசான் லாங்லன் இடுப்பை இறுக்கும் கச்சையை நீக்கிக் குட்டைக் கை உடையில் ஆடி வென்றார். அந்நாட்டு ரெனே லகோஸ்ட், விறைத்த நீளக் கைச் சட்டையை விடுத்து, 1926இல் பின்னல் துணியாலான குட்டைக் கைச் சட்டையை அணிந்தார். 1933இல் பின்னலாடை உற்பத்தியாளர் ஒருவரோடு கூடி அதனை வாணிகமாகவும் தொடங்கினார். 'பிக்கே' எனப்படும் அப்பருத்திப் பின்னலில் சிறு சிறு மேடுகளும் பள்ளங்களும் இருப்பதால் துணி உடலோடு ஒட்டாது, காற்றும் புகும். ஆட்டக்காரனுக்கு விடுதலை அளித்தது துணியின் அமைப்பே என்பதை நெசவாளர் கருத வேண்டும்.

இப்பந்தயத்தின் சிறுவர் பிரிவு நமக்கு அன்னியமானதன்று. 1954இல் சென்னை ராமநாதன் கிருஷ்ணன் பதினேழு வயதில் அங்கே சிறுவர் பட்டத்தை வென்றார். அவர் குமாரர் ரமேஷ் கிருஷ்ணன் 1979இலும், சென்னையில் பயிற்சி பெற்ற லியாண்டர் பயஸ் 1990இலும் அதே பட்டத்தைக் கொண்டுவந்தனர்.

அங்கே விதி எவ்வளவு கண்டிப்பானது என்பதைக் கேட்டால் வியப்புண்டாகும். வெள்ளை என்றால் தூய வெள்ளையே. பழுப்பு வெள்ளையும் பாலேட்டு நிறமும் வெள்ளையாகா. கழுத்திலும் கைவிளிம்பிலும் வண்ணக் கரை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இருத்தலாகாது. சட்டையின் முதுகுப்புறம் முழு வெள்ளை. தொப்பி, காலுறை, மணிக்கட்டுப் பட்டை ஆகியவற்றுக்கும் இதுவே நியதி. காலணியின் அடிப்பாகமுங்கூட வெள்ளையாக இருத்தல் வேண்டும். வியர்வையால் வெளியே தெரியக்கூடிய உள்ளாடைக்கும் 2014 முதல் இவ்விதி கண்டிப்பாயிற்று. 2017இல் சிறுவர் பிரிவில் ஆடிய சிலர் உள்ளாடையை மாற்றிவரும்படி பணிக்கப்பட்டனர்.

ஆயினும் விதி மனிதருக்காகவே அன்றி மனிதர் விதிக்காக அல்லர். மாதவிலக்கு நாட்களில் வெள்ளையுடையில் ஆடுவது எத்துணை மனக் கலக்கம் தரும் என்பதை ஆட்டக்காரப் பெண்கள் எடுத்துரைத்தனர். அதனை ஏற்று 2022 நவம்பரில் விதி தளர்த்தப்பட்டது. 2023 முதல் பெண்களும் சிறுமியரும் பாவாடைக்கோ காற்சட்டைக்கோ அடியில், அதனினும் நீளாத கருநிற உட்காற்சட்டை அணியலாம். நம் பெண்களைப் பந்தயத்துக்கு அனுப்பும் தாய்மார் இதனை நினைவிற்கொள்க. நாணத்தால் ஒரு பெண் ஆட்டத்தையே கைவிடும்படி நேர்வது நமக்குப் பெருமை தராது.

இனித் துணியின் குணத்துக்கு வருவோம். உடலைக் குளிர்விப்பது வியர்வை அன்று, வியர்வை ஆவியாவதே. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டுபோகிறது. பருத்தி ஈரத்தை விரும்பி ஏற்கும். 100 பங்கு உலர்ந்த பருத்தி சாதாரணக் காற்றிலேயே 7, 8 பங்கு ஈரத்தை ஈர்க்கும். பாலியெஸ்டர் இழையோ அரைப் பங்கைக்கூட எட்டாது. வியர்வை அதன் இழைகளுக்கிடையே பரவி விரைவில் ஆவியாகும். பருத்தி தோலுக்கு இதமானது. துர்நாற்றத்தைப் பாலியெஸ்டரைப் போல் பற்றிக்கொள்ளாது. ஆனால் நீண்ட ஆட்டத்தில் நனைந்து கனத்து உடலோடு ஒட்டும். இவ்வுண்மையை மறைப்பதால் பருத்திக்கு நன்மை விளையாது. பருத்திச் சட்டை அணிபவன் மூன்று நான்கு சட்டைகளைப் பையில் வைத்திருந்து, நனைந்ததும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே நாம் கூறத்தக்க நேர்மையான யோசனை.

வெயிலைத் தடுப்பதிலும் நெருக்கமே முக்கியம். மெல்லிய வெள்ளைப் பருத்திப் பனியன் துணி, சூரியனின் தீங்கான புறஊதாக் கதிரில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கை உள்ளே விடும். நனைந்தால் மூன்றில் ஒரு பங்கு உள்ளே செல்லும். ஆகவே சல்லடை போன்ற துணி குளிர்ச்சி என்று எண்ணிவிடலாகாது. நெருக்கமான பின்னலும் தளர்ந்த தைப்புமே வெயிலுக்கு உகந்தவை.

பெற்றோர் செய்யத்தக்கவை இவை. முதலில், பந்தயம் நடத்துவோரின் உடை விதியைக் கேட்டறிக. சட்டை தோளிலும் அக்குளிலும் பிடிக்காமல், கை முழுதும் உயர இடங்கொடுக்க வேண்டும். காற்சட்டையில் இரண்டாம் பந்தை வைக்க ஆழமான பை வேண்டும். தனிப் பருத்திக் காலுறை நனைந்தால் கொப்புளம் உண்டாக்கும். கலப்பு நூல் காலுறையே நன்று. மாற்று இணையும் வேண்டும். விளிம்புள்ள தொப்பி இன்றியமையாதது. புதுக் காலணியையும் புதுச் சட்டையையும் பந்தய நாளில் முதன்முதலாக அணிவித்தல் கூடாது. தலைசுற்றலோ குமட்டலோ கண்டால், உடை எதுவாயினும் ஆட்டத்தை நிறுத்தி நிழலுக்கு அழைத்து வருக. விலையுயர்ந்த பெயர் பொறித்த சட்டைக்காகக் கடன்படுவது வேண்டா. பந்து சட்டையின் பெயரைப் பார்த்து வருவதில்லை.

கடைசியாக, பயிரிடும் அங்கத்தினர்க்கு ஒரு சொல். தூய வெள்ளையைப் போல் குற்றத்தைக் காட்டிக்கொடுக்கும் நிறம் வேறில்லை. உரச் சாக்கிலிருந்து பிரிந்த பிளாஸ்டிக் நாரொன்று பருத்தியோடு கலந்துவிட்டால், அது நூலிலும் துணியிலும் தொடர்ந்து சென்று, வெளுப்பிலும் நீங்காமல் சட்டையின் நெஞ்சிலே வந்து நிற்கும். அந்தத் துணி கழிக்கப்படும். அதன் நஷ்டம் நெசவாளரைச் சாரும். பின்னர் பருத்தியின் விலையாக விவசாயியிடமே திரும்பும். ஆதலின் பருத்தியைத் துணிப் பைகளிலேயே பறித்துச் சேர்ப்போமாக. காடாத் துணியின் இயற்கைப் பழுப்பை வெளுத்தெடுப்பது தொழிலாளியின் திறமை. அழுக்கில்லாப் பஞ்சைக் கொடுப்பது காட்டிலே நிற்பவரின் கடமை. ஒரு வெள்ளைச் சட்டையில் இவ்விருவர் உழைப்பும் சேர்ந்தே இருக்கிறது. கூட்டுறவு என்பதன் பொருளும் அதுவே.