குதிரைக்குத் தன் மூக்கின் கீழ் இருப்பது தெரியாது!

மாமல்லபுரம் கடற்கரையில் குதிரைச் சவாரி உண்டு. கூடுவாஞ்சேரியில் இருந்து குழந்தைகளோடு அங்கே போய் வந்தவர்கள் பார்த்திருப்பார்கள்.

குழந்தை ஒரு கேரட் துண்டை விரல் நுனியில் பிடித்து நீட்டும். குதிரை வாயை வைக்கும். கேரட்டோடு விரலும் கடிபடும்! "பொல்லாத குதிரை" என்று திட்டுவார்கள். குதிரைக்கு அடி விழும்.

பாவம், குதிரை! அதற்கு விரலும் தெரியாது, கேரட்டும் தெரியாது.

பக்கவாட்டில் கண்

மனிதனுக்குக் கண்கள் முகத்தின் முன்னால் இருக்கின்றன. குதிரைக்கோ தலையின் இரண்டு பக்கங்களிலும் இருக்கின்றன. புல் மேயும்போதே, நாலாபக்கமும் எதிரி வருகிறானா என்று பார்க்கலாம். சுற்று வட்டத்தில் ஏறக்குறைய எல்லாமே அதற்குத் தெரியும்.

தெரியாத இடம் இரண்டு. ஒன்று, வாலுக்கு நேர் பின்னால். இன்னொன்று, நெற்றிக்கு நேர் முன்னாலும் மூக்குக்குக் கீழும். அங்கே உதடும், மூக்கைச் சுற்றி உள்ள மீசை மயிரும்தான் அதற்குக் கண். அழகுக்காக அந்த மயிரை மழிக்கும் வழக்கம் இருந்தது. சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனம், 2021 ஜூலை 1 முதல் போட்டிக் குதிரைகளுக்கு அதைத் தடை செய்துவிட்டது.

ஆகவே தீனி கொடுப்பவர்கள் உள்ளங்கையை விரித்து, அதன்மேல் வைத்துக் கொடுக்க வேண்டும். விரல் தப்பும்.

எட்ட இருப்பதில் கெட்டிக்காரன்

தள்ளி நிற்பவரின் சிறு அசைவுகூடக் குதிரைக்குத் தப்பாது. 1904-ல் ஜெர்மனியில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போடுகிறது என்று பேரெடுத்தது. விடையைக் காலால் தட்டிச் சொல்லும். 1907-ல் குட்டு உடைந்தது. கேள்வி கேட்பவரின் தலை இம்மி அசைந்ததும், அது தட்டுவதை நிறுத்திக்கொண்டது. அவ்வளவுதான் கணக்கு!

பந்தைத் தொட்டால் கொள்ளு

குதிரையைப் பழக்க ஒரு வழி உண்டு. குச்சி முனையில் ஒரு பந்து. குதிரை அதை மூக்கால் தொட வேண்டும். தொட்டதும் "டிக்" என்று ஓர் ஒலி. உடனே ஒரு பிடி கொள்ளு.

பந்தை மூக்கின் அடியில் நீட்டினால் குதிரை சும்மா நிற்கும். "மண்டு" என்று நினைத்துக்கொள்வார்கள். நெற்றிக்கு நேரே திடீரென்று கொண்டுபோனால் மிரளும். ஒரு முழம் தள்ளி, சற்றுப் பக்கமாகப் பிடிக்க வேண்டும். அப்போது பார்க்கும், தலையைத் திருப்பி நெருங்கும். தலை திருப்புவது முரண்டு அல்ல. பார்ப்பதற்குத்தான். கிட்ட வந்ததும் பந்து மறைந்துவிடும். கடைசி இரண்டு அங்குலம் உதட்டால் தடவித்தான் கண்டுபிடிக்கும். அதுவரை பந்தை ஆட்டாமல் பிடிக்க வேண்டும்.

நிறமும் முக்கியம். நீலமும் மஞ்சளும் குதிரைக்கு நன்றாகத் தெரியும். பச்சைப் புல்லில் சிவப்புப் பந்து எடுப்பாகத் தெரியாது.

இது விளையாட்டு அல்ல. வண்டியில் ஏற மறுக்கும் குதிரையை அடித்து, கயிறு போட்டு இழுப்பதில் குதிரைக்கும் காயம், ஆளுக்கும் காயம். 2001-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில் 5 பெண் குதிரைகளை இப்படிப் பழக்கினார்கள். முன்பெல்லாம் அவற்றைப் பலவந்தமாகத்தான் ஏற்றி வந்தார்கள். தொட வேண்டிய பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக வண்டிக்குள் நகர்த்தினார்கள். ஐந்தும் முரண்டு செய்யாமல் ஏறி நின்றன.