பாதிக் கரண்ட் போனால் மீன் தொட்டி என்னாகும்?

நமது சங்க உறுப்பினர்கள் பலரது வீட்டு முன்னறையிலோ, கடையில் கல்லாவுக்கு அருகிலோ ஒரு மீன் தொட்டி இருக்கக் காண்கிறேன். குழந்தைகள் ஆசைப்பட்டு வாங்கியதும் உண்டு. வாஸ்து சொல்லி வாங்கியதும் உண்டு. எதற்காக வாங்கினாலும் உள்ளே இருப்பது உயிர் அல்லவா!

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை நம் மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டியது. அப்படி ஊரே இருண்டால், தொட்டி நின்றுவிட்டது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். பாதிக் கரண்ட் போகும்போதுதான் ஏமாந்துவிடுகிறோம்.

மூன்று ஃபேஸ் இணைப்பு உள்ள வீட்டுக்கு மூன்று கம்பிகளில் மின்சாரம் வருகிறது. கூடவே நியூட்ரல் ஒன்று. எங்காவது ஒரு பியூஸ் போனால் ஒரு கம்பி மட்டும் செத்துவிடும். கூடத்தில் விளக்கு எரியும், ஃபேன் சுற்றும். தொட்டி இருக்கும் மூலைப் பிளக்கில் மட்டும் கரண்ட் இராது. எங்கள் வீட்டில் நடந்ததும் இதுவே. சித்திரை மாத இரவு. நான் வத்தல் லோடு கணக்குப் பார்த்துக்கொண்டு விளக்கடியில்தான் உட்கார்ந்திருந்தேன். பத்தடி தள்ளிக் காற்று மோட்டார் நின்றுபோனது என் புத்தியில் படவில்லை. விடிந்து பார்த்தால் ஒன்பது தங்கமீன்களில் ஆறு மிதந்தன. பேரன் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

காரணம் பிராணவாயு. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் சுமார் ஏழரை மில்லிகிராம் பிராணவாயுதான் கரைந்து நிற்கும். சூடு ஏறினால் அதுவும் குறையும். குளிர் நாட்டுக்காரர்களுக்குக் கரண்ட் போனால் தண்ணீர் சில்லிட்டுவிடுமே என்ற கவலை. நமக்கு வெக்கைதான் பகை. முத்துக் குளித்த நம் ஊர்க்காரர்கள் மூச்சடக்கிப் பழகியவர்கள். சின்னத் தொட்டியில் நெருக்கியடித்துக் கிடக்கும் தங்கமீனுக்கு அந்த வித்தை தெரியாது. ஃபைட்டர், கௌராமி போன்றவை வெளிக்காற்றையும் சுவாசிப்பதால் தாக்குப்பிடிக்கும்.

மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடினால் மூச்சுத் திணறுகிறது என்று பொருள். மூடியை எடுத்துவிட்டு, தொட்டித் தண்ணீரையே குவளையில் மொண்டு சற்று உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுங்கள். தீனி போடவே கூடாது. கரண்ட் உள்ள அறையிலிருந்து ஒயர் இழுத்து மோட்டாரை ஓட்டலாம். ஆனால் அதற்குமுன் விளக்குகளைப் பாருங்கள். சில பல்பு மங்கி, சில பல்பு கண் கூசும்படி எரிந்தால் போனது ஃபேஸ் அல்ல, நியூட்ரலாக இருக்கலாம். அப்போது 230 வோல்ட் வரவேண்டிய பிளக்கில் 300க்கு மேலும் வரக்கூடும். மோட்டார் மட்டுமல்ல, ஃபிரிட்ஜும் டி.வி.யும் கருகும். உடனே மெயினை அணைத்துவிட்டு, மின்வாரிய மின்னகத்துக்கு (94987 94987) போன் செய்யுங்கள். குவளைதான் கதி.

இன்னொன்று. காற்று மோட்டாரைத் தரையில் வைத்திருந்தால், அது நின்றதும் குழாய் வழியே தொட்டித் தண்ணீர் திரும்பி மோட்டாருக்குள் இறங்கும். ஷாக் அடிக்கவும் கூடும். நீர்மட்டத்துக்கு மேலே ஓர் ஆணியில் மாட்டிவிடுங்கள்.

பல மணி நேரம் நின்ற ஃபில்டரை அப்படியே ஓட்டாதீர்கள். உள்ளே நன்மை செய்யும் கிருமிகள் காற்றின்றி மடிந்து, அழுகல் நீர் தொட்டிக்குள் வரும். பஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டுப் போடுங்கள். குழாயின் குளோரின் தண்ணீர் ஆகாது.

சின்னக் காற்று மோட்டார் கேட்பது சில வாட் மின்சாரம்தான். இன்வெர்ட்டர் உள்ளவர்கள் எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி அந்தப் பிளக்கை இன்வெர்ட்டர் லைனில் சேர்த்துவிடலாம். இல்லாதவர்களுக்கு மீன் கடைகளில் பேட்டரி மோட்டார் கிடைக்கிறது.