உலகில் வாழும் உரிமை

பார்வையற்ற ஒருவர் கைத்தடியின் துணையுடன் தெருவில் தனியே நடந்து செல்கிறார். வேலைக்காகத் தோண்டப்பட்டுத் தடுப்பின்றி விடப்பட்ட பள்ளத்தில் விழுந்து காயமுறுகிறார். குற்றம் யாருடையது? பள்ளத்தைத் திறந்தபடி விட்டவருடையதா, துணையின்றி வெளியே வந்தவருடையதா?

துணையின்றி வந்தவருடையதே என்று தீர்ப்பளித்து, நஷ்டஈட்டை மறுத்த வழக்குகள் அமெரிக்காவில் உண்டு. அந்நீதியை எதிர்த்து அறிவாலும் உழைப்பாலும் போராடியவர் பேராசிரியர் ஜேக்கபஸ் டென்புரோக்.

1911-ஆம் ஆண்டு கனடா நாட்டின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் பிறந்தவர் அவர். ஏழு வயதில், விளையாட்டின்போது தோழன் எய்த அம்பு ஒரு கண்ணின் ஒளியைப் பறித்தது. பதினான்கு வயதிற்குள் மற்றக் கண்ணும் ஒளியிழந்தது. ஆயினும் அவர் கல்வியைக் கைவிடவில்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று, 1940-இல் சட்டத்துறையில் முனைவர் பட்டமும் பெற்றார். 1942 முதல் அதே பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஆசிரியப் பணியாற்றினார். 1940-இல் ஏழு மாநிலங்களைச் சேர்ந்த பார்வையற்றோருடன் இணைந்து அவர்களுக்கென ஒரு தேசியக் கூட்டமைப்பை நிறுவி, அதன் முதல் தலைவரானார்.

பார்வையற்றோருக்கு அரசு அளித்த உதவித்தொகையிலும் ஒரு கண்ணி இருந்தது. உழைத்துச் சிறிது பொருள் ஈட்டினால், ஈட்டிய அளவுக்கு உதவித்தொகை குறைக்கப்பட்டது. உழைப்பவனுக்குத் தண்டனை, முடங்கிக் கிடப்பவனுக்கு உதவி! இம்முறையை மாற்றும்படி கூட்டமைப்பு வலியுறுத்தியது. 1950-இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம், பார்வையற்றோர் ஈட்டும் வருவாயில் மாதம் 50 டாலரைக் கணக்கில் சேர்க்கலாகாது என விதித்தது.

டென்புரோக் கலிபோர்னியா மாநிலச் சமூக நல வாரியத்தில் பல்லாண்டுகள் பணியாற்றி, அதன் தலைவராகவும் விளங்கினார். அங்கே கண்ட உண்மையை 1964, 1965 ஆண்டுகளில் வெளிவந்த நீண்ட ஆய்வில் எடுத்துரைத்தார். வசதியுள்ள குடும்பத்திற்கு ஒரு சட்டம், உதவி நாடும் ஏழைக் குடும்பத்திற்கு மற்றொரு சட்டம் எனக் குடும்பச் சட்டமே இரண்டாகப் பிளவுபட்டிருந்தது. ஏழைக்குரிய சட்டத்தின் முதல் நாட்டம், அரசுக் கருவூலத்தின் செலவைக் குறைப்பதாகவே இருந்தது.

1966-இல் அவர் எழுதிய சட்டக் கட்டுரையின் தலைப்பே "உலகில் வாழும் உரிமை" என்னும் பொருள் கொண்டது. தெருவும் பேருந்தும் கடையும் விடுதியும் கண்ணுள்ளவர்க்கு மட்டும் உரியன அல்ல. பார்வையற்றோரும் அவ்வழியே வருவர் என்பதை எதிர்பார்த்தே பள்ளம் தோண்டுபவர் தடுப்பு அமைக்க வேண்டும். ஊனமுற்றோரை வீட்டில் அடைத்து வைப்பது பாதுகாப்பு ஆகாது. அது இரக்கத்தின் ஆடை அணிந்த சிறை. இதுவே அவரது வாதத்தின் சாரம்.

1968-இல், ஐம்பத்தாறாம் வயதில், புற்றுநோயால் அவர் மறைந்தார். அவர் வகுத்த கொள்கையைத் தழுவி, வெள்ளைக் கைத்தடிச் சட்டங்கள் பல மாநிலங்களில் இயற்றப்பட்டன. 1990-இல் ஊனமுற்றோர் உரிமைக்கான சட்டம் அமெரிக்கா முழுவதற்கும் வந்தது.

அன்பு வாசகர்களே, "பாவம், வெளியே போனால் விழுந்துவிடுவான்" என்று அன்பினால் சொல்கிறோம். ஆனால் அவன் விழாதிருக்க வழியிலுள்ள பள்ளத்தை மூடுகிறோமா? இரக்கம் அவனை வீட்டில் இருத்தும். நீதியோ அவனுக்குப் பாதையைச் செம்மைப்படுத்தும்.