சலவைத்தூளில் நொதியம்: அறிவது எப்படி?

சலவைத்தூள் பெட்டியில் ‘நொதியம்’ என்று கண்டால் நம்மவர்க்கு இரண்டு கேள்வி எழும். உண்மையிலேயே இருக்குதா? எதிலிருந்து எடுத்தது?

நொதியம் கண்ணுக்குப் படாது. செய்யும் வேலையை வைத்தே அதைப் பிடிக்க வேண்டும். தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்துத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில், அரைத்த கொழுந்தைச் சிவக்க வைக்கும் நொதியத்தை ஸ்ரீரங்காச்சார் ஆராய்ந்தார். 1943இல் அதன் இயல்பு பற்றி எழுதினார். அது ஒட்சிசனை இழுக்கும். அதிலுள்ள செம்பைக் கட்டிப்போட்டால் வேலை நின்றுவிடும். சூடு பட்டாலும் நிற்கும். பச்சைத் தேயிலைக்குக் கொழுந்தை முதலில் சூடாக்குவது அதற்காகத்தான்.

சலவைத்தூளுக்கும் இதே வழிதான். தூளைக் கரைத்து இரண்டு கிளாஸில் ஊற்றுங்கள். ஒன்றை முன்கூட்டியே 10 நிமிடம் கொதிக்க வைத்து ஆற விடுங்கள். இரண்டிலும் அவித்த முட்டை வெள்ளைக்கருத் துண்டு போட்டு, இளஞ்சூட்டில் இரண்டு மூன்று நாள் வையுங்கள். மலைநாட்டுக் குளிரில் வேலை மந்தமாகும். கொதிக்காத கிளாஸில் மட்டும் துண்டு கரைந்து சிறுத்தால், புரதம் அரிக்கும் நொதியம் உண்டு. இரண்டிலும் ஒரேயளவு கரைந்தால், அது காரத்தின் வேலையாயிருக்கலாம். மாப்பொருளையும் கொழுப்பையும் உடைக்கும் நொதியங்கள் இதில் தெரியவரா.

மூலத்தையோ இந்தச் சோதனை சொல்லாது. 1913இல் ஜெர்மனியின் ஒட்டோ ரோம் விலங்குக் கணையத்து நொதியத்தைச் சலவைக்குக் கொண்டுவந்தார். இன்றைய புரத நொதியங்கள் பெரும்பாலும் பசிலசு பக்ரீரியாவில் விளைபவை. புரதத்தின் அமைப்பை ஆராயும் கூடம் இந்த வேறுபாட்டைக் காட்டிவிடும். ஆனால் அந்தப் பக்ரீரியாவுக்கு என்ன தீனி போட்டார்கள் என்பதை உற்பத்தியாளரிடம்தான் கேட்க வேண்டும். ஹலால் பற்றிப் பேசுமுன் அதைக் கேட்டறிவதே முறை.