ஆஸ்பத்திரிச் சீட்டும் பழைய நம்பரும்

மீனாட்சிபுரம் ரயில் நிலையத்தில் அண்மையில் ஒரு காலை, தோப்பு வேலைக்கு வந்த தமிழ்த் தொழிலாளி ஒருவர் போனை நீட்டினார்.

"சார், ஆஸ்பத்திரிச் சீட்டு இதிலேயே எடுக்கலாமாம். உள்ளேயே விடமாட்டேங்குது."

பார்த்தேன். மலையாளம் தெரியாதது அல்ல சிக்கல். ஆதாரில் இருந்தது, அவர் எப்போதோ கைவிட்ட பழைய செல் நம்பர்!

கேரள அரசின் 'இ-ஹெல்த்' தளத்தில் ஆதார் எண்ணைக் கொடுத்ததும், ஆதாரில் பதிவான செல்லுக்கே ஓ.டி.பி. போகும். அதைப் பதிந்தால் 16 இலக்க அடையாள எண்ணும் கடவுச்சொல்லும் செல்லுக்கு வரும். முதல்முறை நுழைந்ததும் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ள வேண்டும். பிறகு, இத்திட்டம் உள்ள அரசு மருத்துவமனைகளுக்கு வீட்டிலிருந்தே ஓ.பி. முன்பதிவு செய்யலாம்.

நம்பரை மாற்ற ஊருக்குப் போக வேண்டியதில்லை. ஆதார் சேவையுள்ள அக்ஷயா மையத்திற்கு நேரில் சென்று கைரேகை வைத்தால் போதும். வேறு ஆவணம் தேவையில்லை. தெரிந்தவரிடம் உதவி கேட்பதில் வெட்கமில்லை. ஆனால், போனில் ஓ.டி.பி. கேட்பவர் யாராயினும் சொல்லாதீர்கள்.

அன்று அவரை நேரே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். கவுன்டரிலும் சீட்டு உண்டு. மாலையில் திரும்பியவர், "வரிசையிலேயே அரைநாள் கூலி போச்சு" என்றார்.

நோய் வருமுன் நம்பரைச் சரிசெய்து வைப்போம்.