பிளாட்டினத்தைக் கவரும் கந்தகம்

வேதியியல் ஆய்வகத்தில் சுடர்ச் சோதனை பார்த்திருப்பீர்கள். அதற்குப் பிளாட்டினக் கம்பியை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? எளிதில் எதனோடும் வினைபுரியாத உலோகம் அது. அத்தகைய உலோகம் புற்றுநோய்க்கு மருந்தானது எப்படி?

1965ஆம் ஆண்டு அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பர்க் என்ற அறிஞர் பாக்டீரியாக்கள் வளரும் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்திப் பார்த்தார். பாக்டீரியாக்கள் இரண்டாகப் பிரியவில்லை. சில 300 மடங்கு வரை நீண்டு இழைகளாயின. மின்சாரத்தின் விளைவு என்றுதானே நினைக்கத் தோன்றும்? அது அன்று. பிளாட்டின மின்முனைகள் சிறிதளவு கரைந்து, கரைசலிலிருந்த அம்மோனியம் குளோரைடுடன் சேர்ந்து புதுச் சேர்மங்களை உண்டாக்கியிருந்தன. பிரியவிடாமல் தடுத்தவை அவையே. இப்படிக் கிடைத்ததுதான் சிஸ்பிளாட்டின். 1978இல் அது மருந்தாக ஒப்புதல் பெற்றது.

நடுவில் ஒரு பிளாட்டினம் அணு. ஒருபுறம் இரண்டு அம்மோனியா, மறுபுறம் இரண்டு குளோரைடு. இரத்தத்தில் குளோரைடு மிகுதியாதலால் இவை எளிதில் கழல்வதில்லை. செல்லுக்குள் குளோரைடு குறைவு. அங்கே குளோரைடுகள் விலக, நீர் மூலக்கூறுகள் அவ்விடத்தைப் பிடிக்கின்றன. மருந்து நேர்மின்சுமை பெற்று, கிடைத்ததைப் பற்றிக்கொள்ளத் துடிக்கிறது. உட்கருவிலுள்ள டி.என்.ஏ.யைப் பற்றினால் செல் பிரிய முடியாது.

பல நூல்கள் கதையை இங்கேயே முடித்துவிடுகின்றன. ஆனால் செல்லுக்குள் நுழையும் பிளாட்டினத்தில் உட்கரு டி.என்.ஏ.யைச் சேர்வது ஏறத்தாழ 1 சதவீதமே! எஞ்சியதில் பெரும்பகுதி புரதங்களிடமும் கந்தகம் உள்ள சிறு மூலக்கூறுகளிடமும் சிக்குகிறது. வெள்ளிக் கொலுசு கறுப்பது கந்தகத்தால் அல்லவா? பிளாட்டினத்துக்கும் கந்தகத்தின் மேல் அத்தகைய நாட்டம் உண்டு.

செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்டிரியாவின் உட்பகுதி எதிர்மின்சுமை உடையது; நேர்மின்சுமை பெற்ற மருந்தை அது ஈர்க்கிறது. அதோடு, காக்ஸ்17 என்ற சிறு புரதம் ஒன்று உள்ளது. சுவாச நொதிக்குத் தேவையான தாமிரத்தைச் சுமந்து செல்வது அதன் வேலை. தாமிரம் அமரும் கந்தக இருக்கையில் பிளாட்டினமும் ஏறிக்கொள்கிறது. காக்ஸ்17 குறைந்த செல்களில், மைட்டோகாண்டிரியாவைச் சேரும் பிளாட்டினமும் குறைந்ததை ஆய்வாளர் கண்டனர்.

பிளாட்டினத்தால் மைட்டோகாண்டிரியா சிதைந்தால், உள்ளே எலெக்ட்ரான்களைக் கடத்திவந்த சைட்டோகுரோம் சி என்ற புரதம் வெளியே கசிகிறது. உள்ளே இருக்கும்வரை உழைப்பாளி. வெளியே வந்தாலோ செல்லின் மரண ஓலை! செல் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது.

புற்றுநோய்ச் செல் அழிவது நன்மைதான். ஆனால் சிறுநீரகக் குழல்களின் செல்களிலும் மைட்டோகாண்டிரியா ஏராளம். காதின் உட்செவிச் செல்களும் இம்மருந்துக்கு எளிதில் இரையாகின்றன. பிழைத்த குழந்தைகள் பலர் கேள்வித்திறனை இழந்தனர். இதற்கு ஒரு தடுப்பு மருந்து அமெரிக்காவில் 2022இல் ஒப்புதல் பெற்றது. சிஸ்பிளாட்டின் ஏற்றி 6 மணி நேரம் கழித்து அதைச் செலுத்துவார்கள். அதிலுள்ள கந்தகம் பிளாட்டினத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதன் பெயர் சோடியம் தயோசல்பேட். புகைப்படக்காரர்கள் இருட்டறையில் வைத்திருந்த அதே 'ஹைப்போ'!