வாக்காளர் வாதம் – 17: பம்பாய் நாணயச்சாலையும் நெப்ராஸ்காக் கோதுமையும்

சென்ற வாரம், 1896 ஜூலை 9ஆம் தேதி ஜனநாயகக் கட்சியின் சிக்காகோ மாநாட்டு மண்டபத்தில், முப்பத்தாறு வயதே நிரம்பிய வில்லியம் ஜென்னிங்ஸ் பிரயனைப் பிரதிநிதிகள் தோள்மேல் தூக்கிக்கொண்டு ஆர்ப்பரித்த இடத்தில் நிறுத்தினோம். வெள்ளிக் கட்சி எது, தங்கக் கட்சி எது என்பதெல்லாம் அப்போதே சொல்லியாயிற்றாதலால், அந்தப் பாடத்தை மறுபடியும் ஒப்புவிக்கும் உத்தேசம் எனக்கில்லை. இந்த வாரம், குடியரசுக் கட்சியின் அபேட்சகரான மக்கின்லி, ஓஹையோ மாகாணத்துக் கான்டன் நகரில் தம் வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காமலே நடத்திய பிரசாரத்தைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் வேறெதையோ தேடிப் புரட்டிய பக்கத்தில், நம் நாட்டு ரூபாய் அந்த அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலுக்குள் புகுந்து செய்த காரியம் கண்ணில் பட்டுவிட்டது. அதைச் சொல்லாமல் கான்டனுக்குப் போக மனம் இடங்கொடுக்கவில்லை. மக்கின்லி எங்கும் போய்விட மாட்டார், திண்ணையிலேதான் உட்கார்ந்திருப்பார்.

தலைவர்கள் மேடையில் என்ன முழங்கினார்கள் என்பதைக் காட்டிலும், அதைக் கேட்டவர்கள் வீடு திரும்பும் வழியில் தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதிலே எனக்குள்ள பித்து இத்தொடரின் வாசகர்களுக்குப் புதிதன்று. அந்தப் பித்துக்கு 1896ஆம் ஆண்டைப் போலத் தீனி போட்ட வருஷம் வேறொன்று கிடையாது. மளிகைக் கடை வாசலிலும், நீதிமன்ற வளாகத்து மரநிழலிலும், கூலிக்குக் குதிரை விடும் லாயங்களிலும், பகலில் குழந்தைகள் படித்துவிட்டுப் போன கிராமப் பள்ளிக்கூடங்களில் மாலை விளக்கு ஏற்றிவைத்துக்கொண்டும், பொருளாதார சாஸ்திரத்தின் மிகக் கடினமான அத்தியாயமாகிய நாணயப் பிரச்னையை, ஏர் பிடித்துக் காய்த்துப்போன கைகளை நீட்டி நீட்டி ஜனங்கள் விவாதித்தார்கள். பதினாறு அவுன்சு வெள்ளிக்கு ஒரு அவுன்சு தங்கம் என்னும் பழைய விகிதப்படி, எவர் கொண்டுவந்தாலும் எவ்வளவு கொண்டுவந்தாலும் வெள்ளியைச் சர்க்கார் நாணயமாக அடித்துத் தர வேண்டும் என்பது ஒரு கட்சி. சந்தையிலே முப்பது அவுன்சு வெள்ளி கொடுத்தாலும் ஒரு அவுன்சு தங்கம் கிட்டாத காலத்தில் அப்படிச் செய்வது பகற்கொள்ளை என்பது மறு கட்சி. பிரயனின் ரயில் நின்ற ஊர்களில் வெள்ளை உடுத்த பதினாறு கன்னிப்பெண்களும் மஞ்சள் உடுத்த ஒரு பெண்ணும் அணிவகுத்து வரவேற்பது வழக்கமாகிவிட்டது. எதிர்க்கட்சிக்காரர்களோ பொன்வண்டு போன்ற சட்டை ஊசிகளைக் குத்திக்கொண்டு திரிந்தார்கள். அவற்றில் சிலவற்றைத் தட்டினால் இறக்கைகள் விரிந்து, ஒன்றில் மக்கின்லியின் முகமும் மற்றதில் உபஜனாதிபதி அபேட்சகரான ஹோபார்ட்டின் முகமும் தெரியும்.

இவ்வளவு வித்வத்தும் குடியானவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். முந்திய பதினைந்து வருஷங்களாக விவசாயிகள் சங்கங்கள் ஊருக்கு ஊர் விரிவுரையாளர்களை அனுப்பிக் கடனையும் வட்டியையும் விலைவாசியையும் பற்றிப் போதித்து வந்தன என்பது ஒரு காரணம். 1894இல் வில்லியம் ஹார்வி என்பவர் எழுதி, இருபத்தைந்து காசுக்கு விற்ற ஒரு சிறு புத்தகம் இன்னொரு காரணம். அதில் 'காயின்' என்னும் பெயருள்ள பாலகன் ஒருவன் சிக்காகோ கலைக்கூட மண்டபத்தில் ஆறு நாள் நாணய சாஸ்திரம் போதிக்கிறான். நகரத்துப் பெரிய பாங்கிக்காரர்களும் பண்டிதர்களும் எதிரே அமர்ந்து குறுக்குக் கேள்வி கேட்டு, பதிலுக்கு வாயடைத்துப் போகிறார்கள். பாலகன் கற்பனை, பாங்கிக்காரர்களோ உயிரோடிருந்த மெய்யான மனிதர்கள், சொந்தப் பெயராலேயே கதைக்குள் இழுக்கப்பட்டவர்கள். புத்தகம் லட்சக்கணக்கில் பரவியது. வாசகர்கள் அந்த விரிவுரைகள் மெய்யாகவே நடந்தவை என்று நம்பிவிட்டபடியால், லைமன் கேஜ் போன்ற பாங்கித் தலைவர்களும், சிக்காகோ சர்வகலாசாலைப் பேராசிரியர் லாஃப்லினும், தாங்கள் அப்படிப்பட்ட சபைக்குப் போனதுமில்லை, ஒரு பையனிடம் தோற்றதுமில்லை என்று மறுக்க வேண்டியதாயிற்று. மேற்கே குடியானவர்கள் தீனி போட, கிழக்கே நியூயார்க்குக்காரர்கள் பால் கறந்துகொள்ளும் பிரம்மாண்டமான பசு ஒன்றின் சித்திரம் அந்தப் புத்தகத்தில் உண்டு. நூறு பக்க வாதத்தால் ஆகாததை அந்தப் பசு செய்துவிட்டதென்றே நினைக்கிறேன்.

இனி ரூபாய்க்கு வருகிறேன். 1893 ஜூன் 26ஆம் தேதி, இந்திய சர்க்கார் ஒரு சட்டம் செய்து, கல்கத்தாவிலும் பம்பாயிலும் இருந்த நாணயச்சாலைகளைப் பொதுஜனங்கள் கொண்டுவரும் வெள்ளிக்கு மூடிவிட்டது. அதுவரையில், எவரும் வெள்ளிக்கட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்து ரூபாயாக அடித்து வாங்கிக்கொள்ளலாம். உலகத்தில் தோண்டப்பட்ட வெள்ளியில் ஒரு பெரிய பங்கை விழுங்கிவந்த வயிறு இந்தியா. அந்த வயிறு ஒரே நாளில் மூடிக்கொண்டதும், சில தினங்களுக்குள் வெள்ளியின் விலை ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் சரிந்தது. கொலராடோ மலைகளில் சுரங்கங்கள் அடைபட்டன. வேலையிழந்த சுரங்கத் தொழிலாளர்கள் டென்வர் நகரத்தை நோக்கிச் சாரிசாரியாக நடந்தார்கள். சிம்லாவில் உத்தியோகஸ்தர்கள் இட்ட கையெழுத்தினால், அந்த ஊரின் பெயரைக்கூடக் கேட்டிராத மலைத் தொழிலாளியின் அடுப்பு அணைந்தது என்பதை நினைக்க நினைக்க, உலக வியாபாரம் என்னும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத கயிற்றின் நீளம் என்னை அசத்திவிடுகிறது.

நாணயச்சாலைகள் மூடிய நான்காம் நாள், ஜூன் 30ஆம் தேதி, அமெரிக்க ஜனாதிபதி க்ளீவ்லண்ட், சர்க்கார் வெள்ளி வாங்கும் சட்டத்தை ரத்துசெய்வதற்காகக் காங்கிரஸின் விசேஷக் கூட்டத்துக்கு அழைப்பு விடுத்தார். அழைப்பை விடுத்தவர் அன்றிரவே நியூயார்க் துறைமுகத்தில் சிநேகிதர் ஒருவரின் 'ஒனைடா' என்ற உல்லாசப் படகில் ஏறினார். மறுநாள், படகு மெல்ல ஓடிக்கொண்டிருக்கையில், உள் அறையில் பாய்மரத்தோடு சேர்த்துக் கட்டிய நாற்காலியில் அவரை உட்காரவைத்து, வைத்தியர்கள் அவருடைய மேல்தாடையின் இடப்பக்கத்தில் ஒரு பகுதியைப் புற்றுநோய்க்காக அறுத்தெடுத்தார்கள். வெளியே தெரிந்ததெல்லாம், ஜனாதிபதி மீன் பிடிக்கப் போயிருக்கிறார் என்பதுதான். பிறகு ரப்பரால் செய்த தாடை ஒன்றைப் பொருத்திக்கொண்டார். பேச்சில் மாற்றம் தெரியவில்லை. இவ்வளவு ரகசியம் எதற்காக? அவர் இறந்தால் பதவிக்கு வர வேண்டிய உபஜனாதிபதி ஸ்டீவென்ஸன் வெள்ளியிடம் அனுதாபமுள்ளவர் என்று பெயரெடுத்தவர்; சேதி கசிந்தால் சந்தை இன்னும் நொறுங்கும். ஒரு பத்திரிகை நிருபர் ஆகஸ்டு மாதத்திலேயே உண்மையை வெளியிட்டுவிட்டார். எல்லோரும் சேர்ந்து அவரைப் பொய்யராக்கினார்கள். வைத்தியர்களில் ஒருவரான கீன் என்பவர் 1917இல் எழுதியபோதுதான் ஊரறிய அது மெய்யாயிற்று. வெள்ளியைப் பற்றி மூன்று வருஷம் நாள்தோறும் வாதாடிய வாக்காளர்களுக்கு, அந்த விவகாரத்தின் மிகப் பெரிய சேதி ஒன்று மட்டும் எட்டவேயில்லை!

ரூபாய் அத்தோடு விடவில்லை. அமெரிக்கக் குடியானவனின் வாதத்துக்குள்ளும் வந்து அமர்ந்துகொண்டது. சூயஸ் கால்வாய் திறந்த பிறகு, பஞ்சாபுக் கோதுமை கப்பலேறி லிவர்பூல் சந்தையில் நெப்ராஸ்காக் கோதுமையோடு போட்டியிட்டது. கோதுமை விற்று நாலு ஷில்லிங் கிடைத்தால், ரூபாய் இரண்டு ஷில்லிங்காக இருந்த காலத்தில் அது இரண்டு ரூபாய். வெள்ளி வீழ்ந்து, ரூபாய் ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸாக இறங்கியபோதோ, அதே நாலு ஷில்லிங் மூன்று ரூபாய்க்கு மேலாயிற்று. ஆகவே இந்திய வியாபாரி லிவர்பூலில் விலையைக் குறைத்து விற்றாலும் ஊரில் அவனுக்கு நஷ்டமில்லை. குறைந்த விலைக்குத் தானும் இறங்க வேண்டிய நெப்ராஸ்காக்காரனுக்கோ வாங்கிய கடன் தங்க டாலர், வட்டியும் தங்க டாலர். வெள்ளியைத் தூக்கினால் கோதுமையும் கூடவே எழும் என்பது அவன் கண்ட சித்தாந்தம். கல்லூரி வாசலை மிதியாத மனிதன் அந்நியச் செலாவணியின் சூட்சுமத்தை இவ்வளவு பிடித்துக்கொண்டான் என்பதற்காக அவனைக் கைகூப்பி வணங்கத் தோன்றுகிறது. ஆயினும், நாணயச்சாலைகள் மூடியபின் ரூபாயின் மதிப்பு முன்போல வெள்ளியின் பின்னாலேயே ஓடவில்லையாதலால், 1896இல் அவன் வீசிய அம்பு முனை மழுங்கியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவனுடைய அடிப்படைக் குறை மெய்யானது. கோதுமை புஷல் ஒரு டாலர் விற்ற நாளில் ஆயிரம் டாலர் கடன் வாங்கியவன் ஆயிரம் புஷலுக்குக் கடன்பட்டான். விலை ஐம்பது காசுக்கு இறங்கியதும், ஒரு காசு கூடுதலாக வாங்காமலே இரண்டாயிரம் புஷலுக்குக் கடனாளியானான். இதைக் கணக்கில்லாத மூடர்களின் கூச்சல் என்று கிழக்கத்திப் பத்திரிகைகள் பரிகசித்தது எனக்கு இன்றைக்கும் பொறுக்கவில்லை. ஆனால் பிட்ஸ்பர்க் உருக்காலைத் தொழிலாளிக்கும் ஒரு நியாயம் இருந்தது. வெள்ளி டாலரில் உள்ள உலோகம் ஐம்பத்துமூன்று காசுதான் பெறும். அதைக் கூலியாக வாங்கிக்கொண்டு, விலையேறிய ரொட்டியை வாங்க வேண்டியவன் அவன். 'பிரயன் ஜெயித்தால் புதன்கிழமை வேலைக்கு வர வேண்டாம்' என்ற பாவனையில் முதலாளிமார் சிலர் செய்த எச்சரிக்கை அவன் காதில் விழுந்தது உண்மையே; என்றாலும், பயத்தினால் மட்டுமே அவன் மக்கின்லிக்கு வாக்களித்தான் என்று சொல்வது அவனுடைய புத்தியை அவமதிப்பதாகும் என்பது என் அபிப்பிராயம்.

வீதி விவாதம் எப்போதும் இவ்வளவு சாஸ்திரோக்தமாக நடந்ததென்று எண்ணிவிட வேண்டாம். ஆகஸ்டு நடுவில், கான்ஸஸ் மாகாணத்து எம்போரியா என்னும் சிற்றூரில், இருபத்தெட்டு வயதுப் பத்திரிகாசிரியர் வில்லியம் ஆலன் ஒயிட் தபாலாபீசுப் பக்கம் போய்க்கொண்டிருக்கையில், வெள்ளிக் கட்சிக்காரர்களான பெரியவர்கள் சிலர் வழிமறித்துச் சூழ்ந்துகொண்டு கேலி செய்தார்கள். வாயால் பதில் சொல்லத் தோன்றாமல் கொதித்துப் போன ஒயிட், நேரே காரியாலயத்துக்குப் போய், கான்ஸஸுக்கு என்ன கேடு வந்தது என்று கேட்டு ஒரு தலையங்கத்தை ஆவேசத்தோடு எழுதித் தள்ளிவிட்டு, கொலராடோவிலிருந்த மனைவியைக் காண ரயிலேறினார். அவர் திரும்பி வருவதற்குள் அது தேசமெங்கும் மறுபிரசுரமாகிவிட்டது. மக்கின்லியின் மந்திராலோசகரான மார்க் ஹானா அதைத் துண்டுப் பிரசுரமாக அடித்து இறைத்தார். அந்த வருஷம் ஹானாவின் ஆட்கள் ஜெர்மன், ஸ்வீடிஷ், இத்தாலியன் முதலிய பாஷைகளிலும் சேர்த்து 20 கோடி பிரசுரங்களுக்குக் குறையாமல் விநியோகித்தார்கள். கடைசியில் வாக்களித்தவர்களோ 1 கோடியே 40 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு.

பிரசுரங்களின் சாமர்த்தியத்தைவிட அக்டோபர் மாதத்துக் கோதுமைதான் வாதத்தைத் திருப்பியது. ஆகஸ்டில் தரைமட்டத்தில் கிடந்த விலை திடீரென்று ஏறத் தொடங்கியது. வெள்ளியின் விலையோ ஏறவில்லை. இரண்டும் சேர்ந்தே எழும், சேர்ந்தே விழும் என்று கடை வாசலில் ஆறு மாதமாகச் சாதித்தவர்களைப் பார்த்து எதிராளிகள் சிரித்தார்கள். காரணம் என்னவென்றால், அந்த வருஷம் நம் நாட்டில் பருவமழை பொய்த்துவிட்டது. முந்தின வருஷமே வறண்டிருந்த பந்தேல்கண்டில் மூண்ட பஞ்சம் வடக்கிலும் நடு மாகாணங்களிலும் பரவி, சென்னை ராஜதானியின் சில ஜில்லாக்களையும் தொட்டது. லிவர்பூலுக்குக் கோதுமை அனுப்பிய தேசம் அனுப்ப வகையற்றுப் போயிற்று. வேறு தேசங்களிலும் மகசூல் குறைந்திருந்தது. நவம்பர் 3ஆம் தேதி, அயோவா, மின்னஸோட்டா, வடக்கு டக்கோட்டா ஆகிய கோதுமை மாகாணங்கள் மக்கின்லிக்குப் போயின. கான்ஸஸ், நெப்ராஸ்கா, தெற்கு டக்கோட்டா பிரயனோடு நின்றன. தேர்வாளர் வாக்குக் கணக்கில் மக்கின்லிக்கு 271, பிரயனுக்கு 176. இங்கே பசியால் மடிந்தவர்களின் பாத்தியதை அந்தக் கணக்கில் எவ்வளவு என்று எந்தச் சரித்திராசிரியரும் கூட்டிக் காட்டவில்லை.

அடுத்த வருஷம், 1897இல், அமெரிக்காவின் மத்திய மேற்கு மாகாணக் குடியானவர்களிடம் திரட்டிய மக்காச்சோளம், சான்பிரான்சிஸ்கோவில் 'சிட்டி ஆஃப் எவரெட்' என்ற கப்பலில் ஏற்றப்பட்டுப் பஞ்ச நிவாரணமாகக் கல்கத்தா வந்து சேர்ந்தது. கொடுத்தவர்களில் வெள்ளிக் கட்சிக்காரர் எத்தனை பேர், தங்கக் கட்சிக்காரர் எத்தனை பேர் என்று எவரும் கேட்டு எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் இந்த வாரம் இன்னும் இரண்டு பக்கம் போயிருக்கும்.

(தொடரும்)